கை திரும்பியதா?

பெரியவர்களின் முன்கை எலும்பு முறிவு, பிளேட் அறுவை சிகிச்சை, அதன் சிக்கல்கள், பலன்கள்: அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்



இந்தச் சொற்பொழிவு தமிழில்தான் இருக்க வேண்டும், மருத்துவம் படிக்காதவருக்கும் விளங்க வேண்டும் என்று இந்த அறக்கட்டளையின் நிறுவனர் விதித்திருக்கிறார். அந்த நிபந்தனைக்காகவே இந்த அழைப்பை மகிழ்ச்சியோடு ஏற்றேன். இத்தனை ஆண்டுகளாக நோயாளியிடம் தமிழில் பேசிவிட்டு, அவருடைய குறிப்பேட்டில் ஆங்கிலத்தில் எழுதிவந்தவன் நான். அப்படி எழுதும்போது அவர் சொன்னதில் பாதி விடுபட்டுப் போகும். விடுபட்ட அந்தப் பாதியைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

முதலில் உங்களிடம் ஒரு சிறு வேண்டுகோள். இரண்டு முழங்கைகளையும் விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டு, செங்கோணத்தில் மடக்குங்கள். கட்டைவிரல் மேலே பார்க்கட்டும். இப்போது உள்ளங்கை கூரையைப் பார்க்கத் திருப்புங்கள். பிறகு தரையைப் பார்க்கத் திருப்புங்கள். நன்றி. கையை இறக்கிக்கொள்ளலாம்.

முதல் திருப்பத்தில் நாம் வாங்குகிறோம். கோயிலில் தீர்த்தம், கடையில் மீதிச் சில்லறை, குழாயடியில் ஒரு கை தண்ணீர் எல்லாம் உள்ளங்கை மேலே பார்த்தால்தான் நம்மிடம் வந்து சேரும். இலையிலிருந்து எடுத்த கவளம் வாய்க்குப் போகும் வழியிலும் இந்தத் திருப்பம் இருக்கிறது. இரண்டாம் திருப்பத்தில் நாம் செய்கிறோம். கோலம் போடுவது, எழுதுவது, தட்டச்சு செய்வது, மாவு பிசைவது எல்லாம் அதில் அடக்கம். இந்த இரண்டு திருப்பங்களும் முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் இடையிலுள்ள முன்கையில்தான் நடக்கின்றன. அந்த முன்கை உடைந்தால் என்ன ஆகிறது, உடைந்ததை உலோகப் பிளேட் வைத்துச் சேர்த்தால் எவ்வளவு திரும்பக் கிடைக்கிறது, என்னென்ன தவறிப்போகலாம் என்பதே என் பொருள்.

என்னை இந்தப் பொருளுக்குள் இழுத்தவர் ஒரு டீ மாஸ்டர். நான் அறுவை மருத்துவனாகிச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. இருசக்கர வண்டியிலிருந்து விழுந்து, வலது முன்கையின் இரண்டு எலும்புகளும் நடுவில் முறிந்து வந்தார். நானே அறுவை செய்து இரண்டு பிளேட்டுகள் வைத்தேன். புண் சுத்தமாக ஆறியது. நான்காம் மாத எக்ஸ்ரேயில் முறிவுக் கோடே தெரியவில்லை. குறிப்பேட்டில் ‘எலும்பு கூடியது, பலன் நன்று’ என்று எழுதினேன். அவர் எழுந்து போகாமல் உட்கார்ந்தே இருந்தார். “எலும்பு கூடிடுச்சுன்னு சொல்றீங்க சார், கை இன்னும் திரும்பலையே” என்றார்.

டீ ஆற்றுவதை நினைத்துப் பாருங்கள். உயரத்தில் இருக்கும் கை கவிழ்ந்து ஊற்றுகிறது. தாழ இருக்கும் கை ஏந்தி வாங்குகிறது. அடுத்த நொடி இரண்டும் மாறுகின்றன. அவருடைய வலக்கை கவிழ்ந்தது, ஏந்தவில்லை. முதலாளி அவரைக் கல்லாவில் உட்கார வைத்தார். கல்லாவிலும் காசை வாங்க உள்ளங்கை மேலே பார்க்க வேண்டுமே! அவர் இடக்கையை நீட்டினார். நீட்டிய ஒவ்வொரு முறையும் எதிரே நிற்பவரிடம், “தப்பா நினைக்காதீங்க, இந்தக் கை திரும்பாது” என்றார். ஒருநாள் அந்தக் கடைக்குப் போனபோது இதை நானே கேட்டேன்.

தமிழில் ‘திரும்புதல்’ என்றால் சுழல்வது, மீண்டும் வந்து சேர்வதும்கூட. அவர் எந்தப் பொருளில் கேட்டிருந்தாலும் என்னிடம் இருந்த பதில் ஒன்றுதான்: இல்லை. பழைய எக்ஸ்ரேக்களை எடுத்து மீண்டும் பார்த்தேன். என்ன பிழை செய்தேன் என்பது அதன் பிறகே புரிந்தது.

இரண்டு எலும்பு, ஒரு மூட்டு

முன்கையில் இரண்டு எலும்புகள் உண்டு. சுண்டுவிரல் பக்கம் இருப்பது அல்னா. முழங்கையை மேசையில் ஊன்றும்போது இடிக்கும் முனை அதனுடையது. கட்டைவிரல் பக்கம் இருப்பது ரேடியஸ்; நம் பள்ளிப் புத்தகங்கள் ஆர எலும்பு என்கின்றன. மேலே முழங்கையருகே இவை இரண்டும் ஒரு மூட்டில் சேர்கின்றன. கீழே மணிக்கட்டருகே இன்னொரு மூட்டில் சேர்கின்றன. நடுவே நீளவாக்கில் ஒரு வலுவான சவ்வு இரண்டையும் பிணைக்கிறது.

கை திரும்பும்போது அல்னா பெரும்பாலும் அப்படியே நிற்கிறது. ஆர எலும்புதான் அதைச் சுற்றி வருகிறது. உள்ளங்கை மேலே பார்க்கும்போது இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். உள்ளங்கை தரையைப் பார்க்கும்போது ஆர எலும்பு அல்னாவின் குறுக்கே ஏறிப் படுத்திருக்கும். அப்படித் தாண்டிப் போக வசதியாக ஆர எலும்பு வில்போல வெளிப்பக்கம் வளைந்திருக்கிறது. வாளியின் பிடி வளைந்திருப்பதால்தானே வாயைத் தாண்டி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்கிறது! அதைத் தட்டி நேராக்கிவிட்டால் வாளியின் விளிம்பிலேயே முட்டிக்கொள்ளும். ஆர எலும்பின் வளைவும் அப்படித்தான். அதன் உச்சம் ஏறக்குறைய 15 மில்லிமீட்டர். நம் சுண்டுவிரல் அகலத்துக்குச் சற்றே கூடுதலான அந்த வளைவை நம்பித்தான் வாங்குவதும் கொடுப்பதும் நடக்கின்றன.

ஆகவே முன்கை முழுவதையும் ஒரே மூட்டாகப் பார்க்க வேண்டும். முழங்கால் மூட்டுக்குள் எலும்பு உடைந்தால் மில்லிமீட்டர் கணக்கில் பொருத்த வேண்டும் என்று எல்லா மருத்துவரும் ஒப்புக்கொள்வார்கள். முன்கையின் நடுத்தண்டு உடைந்தாலும் அதே கறார் வேண்டும். அந்தத் தண்டும் மூட்டின் ஒரு பகுதிதான்.

சிறு குழந்தைகளுக்கு இதில் இயற்கை பெரிதும் உதவுகிறது. வளரும் எலும்பு தன் கோணலைத் தானே ஓரளவு நிமிர்த்திக்கொள்ளும். அதனால் பல குழந்தைகளுக்கு மாவுக்கட்டே போதும். பெரியவர்களுக்கு அந்தச் சலுகை இல்லை.

மாவுக்கட்டிலிருந்து பிளேட்டுக்கு

1949-இல் அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரைச் சேர்ந்த நைட், பர்விஸ் என்ற இரு மருத்துவர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். முன்கையின் இரு எலும்புகளும் முறிந்த பெரியவர்களில், திறந்து அறுவை செய்யாமல் இழுத்துப் பொருத்தி மாவுக்கட்டுப் போடப்பட்டவர்களைப் பார்த்தார்கள். 71 விழுக்காட்டினருக்குப் பலன் திருப்தியாக இல்லை. கட்டுக்குள் எலும்பைத் தசைகள் இழுத்துத் திருகுகின்றன. வெளியிலிருந்து எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் அந்த இழுப்பை நிறுத்த முடியாது.

ஆர எலும்பு கீழ்ப்பாதியில் முறிந்து, மணிக்கட்டருகே உள்ள மூட்டும் விலகும் காயம் ஒன்று உண்டு. 1934-இல் அதை விவரித்த மிலான் நகர மருத்துவர் கலியாட்சியின் பெயரால் அது வழங்குகிறது. 1957-இல் ஹ்யூஸ்டன் என்ற மருத்துவர் அத்தகைய 38 பேரை ஆராய்ந்தார். மாவுக்கட்டை நம்பியதில் 35 பேருக்குப் பலன் மோசமாகவே இருந்தது.

இதற்கிடையில் ஐரோப்பாவில் வேறொரு சிந்தனை வளர்ந்தது. பெல்ஜியத்தின் ராபர்ட் டானிஸ், முறிந்த முனைகளை இடைவெளியின்றி அழுத்திப் பிடித்து அசையாமல் வைத்தால் எலும்பு நேரடியாகவே கூடும் என்று 1949-இல் தம் நூலில் காட்டினார். அவரைப் போய்ச் சந்தித்துக் கற்றவர் சுவிட்சர்லாந்தின் மோரிஸ் முல்லர். முல்லரும் அவருடைய தோழர்களும் 1958-இல் பீல் நகரில் ஏ.ஓ. என்ற ஆய்வுக் குழுவைத் தொடங்கினார்கள். திருகை முறுக்க முறுக்க முறிவு முனைகளைத் தானே நெருக்கும் அழுத்தப் பிளேட் அந்தக் குழுவின் உழைப்பில் உருவானது. கையை உடனே அசைக்க விடவேண்டும் என்பதே அவர்களின் நோக்கம். கட்டுக்குள் வைத்த கை இறுகிப்போகும். பிளேட் வைத்த கை சில நாளில் அசையத் தொடங்கலாம்.

1975-இல் அதே மெம்ஃபிஸிலிருந்து ஆண்டர்சனும் அவருடன் பணியாற்றியவர்களும் 244 பேரின் 330 முறிவுகளுக்கு அழுத்தப் பிளேட் வைத்த அனுபவத்தை வெளியிட்டார்கள். ஆர எலும்பில் 97.9 விழுக்காடும், அல்னாவில் 96.3 விழுக்காடும் கூடின. 1989-இல் சாப்மன் குழுவினர், இப்போது நாம் வழக்கமாகப் பயன்படுத்தும் 3.5 மில்லிமீட்டர் திருகுக்குரிய சிறிய பிளேட்டுகளைப் பெரும்பாலும் கொண்டு 98 விழுக்காடு கூடியதாகக் காட்டினார்கள். நாற்பது ஆண்டுகளில் இந்தச் சிகிச்சையின் முகமே மாறிவிட்டது.

ஆனால் இந்த எண்கள் எலும்பு கூடியதை அளந்தவை. என் டீ மாஸ்டரையும் அந்த 98-இல் ஒருவராகத்தான் எண்ணியிருப்பார்கள்.

ஒன்றைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன். முன்கை முறிவு எல்லாவற்றுக்கும் பிளேட் தேவையில்லை. அடிக்க வந்த தடியைத் தடுக்கக் கையை உயர்த்தும்போது அல்னா மட்டும் உடைவதுண்டு. அது பாதி அகலத்துக்குக் குறைவாகவே விலகி, கோணலும் 10 பாகைக்குள் இருந்தால், சிறிய கட்டோ பிரேஸோ போட்டு அசைவைத் தொடர்ந்தாலே பெரும்பாலும் கூடிவிடும். இரண்டு எலும்பும் உடைந்தாலோ, ஆர எலும்பு விலகி உடைந்தாலோதான் பிளேட் வழக்கமான வழி.

முதல் சில மணி நேரம்

சிக்கல்களைக் காலவரிசையில் சொல்கிறேன்.

முதல் ஆபத்து மணிக்கணக்கில் வருகிறது. முன்கைத் தசைகள் விரியாத உறைகளுக்குள் இருக்கின்றன. முறிவால் உள்ளே ரத்தமும் வீக்கமும் ஏறும்போது அழுத்தம் கூடி, நுண்ணிய ரத்தக்குழாய்கள் நசுங்குகின்றன. சில மணி நேரம் ரத்தம் கிடைக்காத தசை செத்துவிடும். செத்த தசை வடுவாகிச் சுருங்க, விரல்கள் கொக்கிபோல் மடங்கிப்போகும். 1881-இல் ஜெர்மானிய மருத்துவர் ஃபோல்க்மன் இதை விவரித்தார். இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது.

அடையாளம் வலிதான். முறிவுக்குத் தகாத, மருந்துக்குக் கட்டுப்படாத, நேரம் போகப் போக ஏறும் வலி. விரல்களை மற்றொருவர் மெல்ல நிமிர்த்தினால் நோயாளி துடிப்பார். மணிக்கட்டில் நாடி நன்றாகவே தெரியும். அதை நம்பி ஏமாறக்கூடாது. மரத்துப்போவதும் விரல் அசையாமல் போவதும் தாமதமாக வரும் அறிகுறிகள். அதுவரை காத்திருந்தவர் தாமதித்துவிட்டார் என்று பொருள். கட்டைப் பிரித்து, தேவையானால் உறையை நீளக் கீறித் திறந்துவிடுவதே மருந்து.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு சொல். மூங்கில் பட்டை வைத்து இறுகக் கட்டிய நாட்டுக்கட்டானாலும், மருத்துவமனையில் போட்ட மாவுக்கட்டானாலும், கட்டிய பின் வலி குறைய வேண்டும். ஏறினால் விடியும்வரை பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். இறுகிய கட்டால் கையையே இழந்து வந்த இளைஞர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுடைய எலும்பு முறிவு மிகச் சாதாரணமானது.

அறுவைக்குப் பின்னும் இந்த ஆபத்து இருக்கிறது. அதனால்தான் பிளேட் வைத்தபின் தசையுறையைத் தைப்பதில்லை. தோலை மட்டும் தைக்கிறோம். வீக்கத்தால் தோலும் சேரவில்லையென்றால் சில நாள் திறந்தே விட்டுப் பிறகு மூடுகிறோம். “தையல் போடாம விட்டுட்டாங்க” என்று உறவினர்கள் வருந்துவார்கள். அந்தத் திறந்த காயம்தான் கையைக் காக்கிறது என்று அவர்களிடம் உட்கார்ந்து சொல்வது எங்கள் கடமை.

மேசைமேல் நேர்வது

அறுவையின்போது இரண்டு அக்கறைகள் வேண்டும். ஒன்று நரம்பு. ஆர எலும்பின் கழுத்தைச் சுற்றி, ஒரு தசைக்குள் புகுந்து பின்பக்கம் போகும் நரம்பு விரல்களை நீட்ட வைப்பது. எலும்பின் மேல்மூன்றிலொரு பகுதியில் பிளேட் வைக்கும்போது அது இழுபடலாம், நசுங்கலாம். முன்பக்கமாக எலும்பை அணுகும் வழியை வகுத்தவர் அயர்லாந்தின் அர்னால்ட் ஹென்றி. அந்த வழியில் போகும்போது நோயாளியின் உள்ளங்கையை மேலே திருப்பி வைத்தால் நரம்பு கத்தியிலிருந்து விலகிக்கொள்ளும். கட்டைவிரலின் பின்புறத்துக்கு உணர்வு கொடுக்கும் இன்னொரு மெல்லிய நரம்பும் வழியில் இருக்கிறது. அதை இழுத்துப் பிடித்தால் மாதக்கணக்கில் மரத்திருக்கும். இழுபட்ட நரம்பு பெரும்பாலும் மெல்ல மீளும். வெட்டுப்பட்டது தானாக மீளாது.

மற்றொன்று வளைவு. பிளேட் நேரானது, எலும்பு வளைந்தது. பிளேட்டை எலும்புக்கேற்ப வளைக்காமல் திருகினால், திருகு எலும்பை இழுத்துப் பிளேட்டின் நேருக்குக் கொண்டுவந்துவிடும். எக்ஸ்ரேயில் முனைகள் அழகாகச் சேர்ந்திருக்கும். கோடு நேராக, கண்ணுக்கு நிறைவாக இருக்கும். நான் செய்த பிழை அதுதான். வாளிப் பிடியை நான் தட்டி நேராக்கிவிட்டேன்.

1992-இல் டொராண்டோவில் ஷெமிட்ச், ரிச்சர்ட்ஸ் என்ற இருவர், பிளேட் வைக்கப்பட்ட 55 பேரின் முன்கைகளை மறுகையோடு ஒப்பிட்டு அளந்தார்கள். வளைவின் அளவும் அதன் உச்சம் அமைந்த இடமும் மறுகையிலிருந்து ஏறக்குறைய 5 விழுக்காட்டுக்குள் மீட்கப்பட்டவர்களுக்கு, இயல்பான சுழற்சியில் 80 விழுக்காட்டுக்கு மேல் திரும்பக் கிடைத்தது. வளைவு கெட்டவர்களுக்குச் சுழற்சி குறைந்தது, பிடிமானமும் குறைந்தது. பல ஆண்டுகள் கழித்து அந்தக் கட்டுரையைப் படித்தபோது என் டீ மாஸ்டரின் எக்ஸ்ரே கண்முன் வந்தது.

மாணவர்களுக்குச் சொல்கிறேன். அறுவைக்கு முன் மறுகையையும் எக்ஸ்ரே எடுங்கள். அதுதான் அந்த நோயாளிக்கு இயற்கை கொடுத்த வரைபடம். பிளேட்டை வளைத்துப் பொருத்துங்கள். முறிவின் இருபுறமும் குறைந்தது மூன்று திருகுகளாவது எலும்பின் இரு சுவரையும் பிடிக்கட்டும். தோலைத் தைக்குமுன் கையை முழுமையாக இரு பக்கமும் திருப்பிப் பாருங்கள். மேசைமேல் திரும்பாத கை பிறகு திரும்பாது. மணிக்கட்டருகே உள்ள மூட்டு நிலையாக இருக்கிறதா என்பதையும் அப்போதே சோதியுங்கள்.

சீழும் கூடாமையும்

அடுத்த சில வாரங்களின் கவலை சீழ். தோல் கிழியாத முறிவுகளில் இது குறைவு. ஆண்டர்சன், சாப்மன் இருவரின் தொகுப்புகளிலும் சீழ் பிடித்தவர்கள் நூற்றுக்கு மூவருக்குள்தான். எலும்பு வெளியே தெரிய உடைந்து, மண்ணும் எண்ணெயும் ஒட்டி வருபவர்களின் கதை வேறு. 2022-இல் மட்டும் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள் பதிவாயின. எங்கள் அவசரப் பிரிவுக்கு இத்தகைய கைகள் வராத இரவு இல்லை. அங்கே முதலில் கொடுக்கும் ஆன்டிபயாடிக்கும், காயத்தை அலசி உயிரற்ற தசையை வெட்டி நீக்கும் பொறுமையும்தான் பலனைத் தீர்மானிக்கின்றன.

சீழ் பிடித்தால் பிளேட்டை உடனே எடுத்துவிட வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். பிளேட் இறுக்கமாக இருக்கும்வரை அதை வைத்துக்கொண்டே சுத்தம் செய்து, மருந்து கொடுத்து, எலும்பு கூடும்வரை காத்திருப்பதே பெரும்பாலும் நல்லது. ஆடும் எலும்பில் சீழ் அடங்குவது கடினம்.

எலும்பு வழக்கமாக மூன்று, நான்கு மாதங்களில் கூடும். ஆறு மாதமாகியும் கூடவில்லையென்றால் காரணம் தேட வேண்டும். பிளேட் சிறியதாகவோ திருகுகள் குறைவாகவோ இருந்திருக்கலாம். முனைகளுக்கிடையே இடைவெளி விட்டிருக்கலாம். எலும்பின் மேலுறையை அளவுக்கு மீறி உரித்து ரத்த ஓட்டத்தைக் கெடுத்திருக்கலாம். உள்ளே அடங்கிய சீழ் இருக்கலாம். நோயாளியிடமும் காரணம் இருக்கலாம். பீடியும் சிகரெட்டும் எலும்பு கூடுவதைத் தாமதிக்கின்றன; கட்டுப்படாத சர்க்கரையும் அப்படியே. பிளேட் இருக்கிறதே என்ற துணிவில் இரண்டாம் மாதமே மூட்டை தூக்கியவர்களின் பிளேட் முறிந்து வந்ததும் உண்டு. பிளேட் எலும்புக்குத் துணை. எலும்பின் வேலையை அது நீண்ட நாள் செய்யாது. வளைத்து வளைத்து நிமிர்த்தினால் எந்தக் கம்பியும் ஒருநாள் ஒடியும்.

கூடாத எலும்புக்கு வழி இருக்கிறது. டேவிட் ரிங் குழுவினர் 2004-இல் வெளியிட்ட ஆய்வில், முன்கை எலும்பு கூடாமல், இடையில் எலும்பே குறைந்தும் வந்த 35 பேருக்கு, அவர்கள் உடலிலிருந்தே எடுத்த பஞ்சு போன்ற உள்ளெலும்பை நிரப்பிப் புதிதாகப் பிளேட் வைத்தார்கள். 35 பேருக்கும் ஆறு மாதத்துக்குள் கூடியது. கேட்கவே மகிழ்ச்சியாக இருக்கிறது. ஆனால் அதே 35 பேரில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குக் கையின் செயல் திருப்தியாக இல்லை என்பதையும் அவர்கள் மறைக்காமல் எழுதினார்கள். எலும்பு நூற்றுக்கு நூறு, கை அப்படியில்லை. முதல் அறுவையைச் சரியாகச் செய்வதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டியதில்லை.

ஒட்டக்கூடாத இடத்தில் ஒட்டுவது

கூடாமல் போவது ஒரு துன்பம்; கூடாத இடத்தில் கூடுவது இன்னொன்று. இரண்டு எலும்புகளுக்கும் நடுவில் புது எலும்பு பாலம் போட்டு அவற்றை ஒன்றாக்கிவிடுவதுண்டு. அதற்குப் பிறகு கை எந்த நிலையில் நின்றதோ அந்த நிலையிலேயே நிற்கும். இது நூற்றில் வெகு சிலருக்குத்தான் வருகிறது. இரண்டு எலும்பும் ஒரே மட்டத்தில் நொறுங்குவது, தலைக்காயம் சேர்ந்திருப்பது, அறுவை தாமதமாவது, இரண்டு எலும்பையும் ஒரே கீறல் வழியாக அணுகுவது, எலும்புத் துணுக்குகள் நடுச்சவ்வில் கிடப்பது ஆகியவை இதைத் தூண்டுகின்றன. முழங்கையை ஒட்டிய பகுதியில் முறிந்தால் ஆபத்து கூடுதல்.

இவற்றில் முதல் இரண்டும் நம் கையில் இல்லை. மற்றவற்றில் பெரும்பாலானவை இருக்கின்றன. இரண்டு எலும்புக்கும் தனித்தனிக் கீறல் போடுவது வெறும் வழக்கத்துக்காக அல்ல. பாலம் விழுந்துவிட்டால் அது முதிர்ந்தபின் வெட்டி எடுக்கலாம். கை ஓரளவு திரும்பும். முழுமையாகத் திரும்பும் என்று யாருக்கும் நான் வாக்குக் கொடுத்ததில்லை.

“பிளேட்டை எடுக்கணுமா டாக்டர்?”

எலும்பு கூடியதும் எல்லாக் குடும்பங்களிலும் எழும் கேள்வி இது. உடம்புக்குள் இரும்பு இருக்கிறதே என்ற உறுத்தல். உள்ளே இருப்பது துருப்பிடிக்காத எஃகு அல்லது டைட்டானியம். ஆயுள் முழுவதும் உள்ளேயே இருக்கலாம்.

எடுப்பதில் இரண்டு ஆபத்துகள் உண்டு. முதலாவது மறுமுறிவு. பிளேட்டின் நிழலில் இருந்த எலும்பு சற்று மெலிந்திருக்கும். திருகுகளை எடுத்த இடத்தில் துளைகள் இருக்கும். துளையிட்ட குச்சி துளையிலேயே ஒடிவதுபோல, சிறிய அதிர்ச்சியிலும் அங்கே முறியலாம். ஹிடாகா, குஸ்டிலோ இருவரும் 1984-இல் பிளேட் எடுத்த 23 பேரைப் பார்த்தபோது 6 பேருக்கு மீண்டும் முறிந்திருந்தது. அந்தக் காலப் பிளேட்டுகள் பெரியவை. சிறிய பிளேட்டுகளில் இந்த ஆபத்து குறைவு, ஆனால் இல்லாமல் போகவில்லை. இரண்டாவது ஆபத்து நரம்பு. முதல் அறுவையின் வடுவுக்குள் நரம்பு எங்கே ஒட்டியிருக்கிறது என்று தெரியாது. 1990-இல் பிரிட்டனில் லாங்காமர், அக்ராய்ட் இருவரும் முன்கைப் பிளேட் எடுத்த 55 பேரை ஆராய்ந்ததில் 40 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஒரு சிக்கல் இருந்தது.

ஆகவே தொந்தரவு இல்லாத பிளேட்டைத் தொடாதீர்கள் என்பதே என் அறிவுரை. தோலடியில் உறுத்தி வலித்தாலோ சீழ் இருந்தாலோதான் எடுக்கலாம். சீழ் இல்லாதபோது முறிந்து ஒன்றரை, இரண்டு ஆண்டுகளாவது ஆகட்டும். எடுத்த பிறகும் சில வாரங்கள் அந்தக் கையைப் பொத்திவைத்துப் பயன்படுத்த வேண்டும்.

பலனை எதனால் அளப்பது?

எல்லாம் நன்றாக நடந்த ஒருவருக்கு என்ன கிடைக்கிறது? இதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். 2007-இல் டொராண்டோவில் ட்ரோல் குழுவினர், பிளேட் வைத்துச் சராசரியாக ஐந்து ஆண்டுகளுக்கு மேலான 30 பேரைக் கூப்பிட்டு அளந்தார்கள். சுழற்சி பெரும்பாலும் நன்றாகவே மீண்டிருந்தது. ஆனால் திருப்பும் வலுவும் பிடிக்கும் வலுவும் மறுகையைவிட ஏறக்குறைய 30 விழுக்காடு குறைந்திருந்தன. ‘கை முன்னமாதிரி இல்லை’ என்று நோயாளி சொல்லும்போது அது மனப்பிரமை இல்லை. கருவியும் அதையேதான் காட்டுகிறது.

சுழற்சியில் எவ்வளவு இருந்தால் வாழ்க்கை நடக்கும்? இயல்பான கை மொத்தம் 150 பாகைக்கு மேல் சுழலும். 1981-இல் மோரியும் அவருடன் பணியாற்றியவர்களும் அன்றாட வேலைகளை அளந்து, பெரும்பாலானவற்றுக்கு மேலே 50, கீழே 50 என்று 100 பாகை போதும் என்றார்கள். ஆனால் அந்த இரண்டு ஐம்பதும் சமமில்லை. கீழே திரும்பாத கையைத் தோளை விலக்கி ஓரளவு ஈடுகட்டலாம். மேலே திரும்பாத கைக்குத் தோளால் அப்படிக் கைகொடுக்க முடிவதில்லை. வாங்க முடியாத கை வாங்க முடியாததாகவே நிற்கிறது. அத்துடன், ஒரு நூறு எல்லாருக்கும் பொருந்துவதில்லை. மேசையில் எழுதுபவருக்குப் போதுவது டீ ஆற்றுபவருக்குப் போதாது. மிருதங்கம் வாசிப்பவருக்குப் போதுமா என்பதை அவரிடமே கேட்க வேண்டும். ‘நீங்க என்ன வேலை செய்றீங்க?’ என்ற கேள்வியை விலாசத்துக்கு அடுத்த கட்டத்தை நிரப்பக் கேட்டு விட்டுவிடக்கூடாது. அறுவைத் திட்டத்தின் முதல் வரி அதுதான்.

மீட்சியில் நோயாளிக்கும் பங்குண்டு. மயக்கம் தெளிந்த நாளிலேயே விரல்களை முழுவதும் மடக்கி நீட்டத் தொடங்குங்கள். மருத்துவர் அனுமதித்த நாளிலிருந்து முழங்கையை விலாவோடு ஒட்டி, இன்று இந்த அவையில் நாம் செய்த அதே பயிற்சியைச் செய்யுங்கள். ஒரு பேனாவைக் கைக்குள் பிடித்துக்கொண்டால் எவ்வளவு திரும்புகிறது என்பது கண்ணுக்கே தெரியும். எடை தூக்குவதும் வண்டி ஓட்டுவதும் எலும்பு கூடியதை உறுதிசெய்த பிறகுதான். வலிக்கிறது என்று துணியில் தொங்கவிட்டே வைத்திருக்கும் கை, எவ்வளவு நல்ல அறுவை நடந்திருந்தாலும் இறுகிவிடும். பிசியோதெரபியை ஆடம்பரமாக நினைக்காதீர்கள். அறுவையின் இரண்டாம் பாதி அது.

முடிவாக

தமிழ்நாட்டில் இன்று சாலையில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையின் செலவை ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில் அரசு ஏற்கிறது. 2021 டிசம்பரில் தொடங்கிய அந்தத் திட்டம் உயிர்களைக் காக்கிறது. அந்த 48 மணி நேரத்துக்குப் பின் வரும் ஆறு மாதம்தான் கையைக் காப்பது. தொலைவிலுள்ள ஊரிலிருந்து பேருந்தேறி மறுபரிசோதனைக்கு வருவதற்கு ஒரு நாள் கூலி போகிறது. அதனால் எக்ஸ்ரேயில் எலும்பு கூடிய நாளோடு பலர் வருவதை நிறுத்திவிடுகிறார்கள். நாங்களும் ‘நன்று’ என்று எழுதிக் கோப்பை மூடிவிடுகிறோம். வட்டார மருத்துவமனைகளில் பிசியோதெரபி கிடைப்பதும், மறுபரிசோதனை ஊருக்கு அருகிலேயே நடப்பதும் புதுவகைப் பிளேட்டுகளைவிட அதிகமான கைகளைத் திருப்பிக் கொடுக்கும் என்று நான் நம்புகிறேன்.

அந்த டீ மாஸ்டரிடம், எலும்பை மீண்டும் வெட்டி வளைவைச் சரிசெய்யலாம் என்று பின்னர் சொன்னேன். “இன்னொரு ஆறு மாசம் வேலை இல்லாம இருக்க முடியாது சார்” என்றார். அவர் சொன்னது நியாயம். அவர் கைக்கு என்னால் பிறகு ஒன்றும் செய்ய முடியவில்லை. அவருக்குப் பின் வந்த கைகளுக்குச் செய்ய முடிந்தது. அன்று முதல் என் குறிப்பேட்டில் ‘எலும்பு கூடியது’ என்ற வரியோடு நான் நிறுத்துவதில்லை. மேலே எத்தனை பாகை, கீழே எத்தனை பாகை, பிடிமானம் எவ்வளவு, பழைய வேலைக்குத் திரும்பினாரா என்ற நான்கும் அதன் கீழே இருக்கும். இங்கே இருக்கும் மாணவர்கள் தங்கள் முதல் நோயாளியிலிருந்தே இந்த நான்கையும் எழுத வேண்டும் என்பதே நான் விட்டுச்செல்ல விரும்பும் வேண்டுகோள்.

பொதுமக்களுக்கும் ஒன்று சொல்லி அமர்கிறேன். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து “எலும்பு கூடிவிட்டது” என்று எங்களில் ஒருவர் சொன்னால், நன்றி சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடாதீர்கள். அவர் மேசைமேல் உங்கள் கையை நீட்டி, உள்ளங்கையை மேலே திருப்பிக் காட்டுங்கள். அவர் அதைப் பார்க்கட்டும்.